வாயிற்காவலன் யாருக்கு ஊழியன்?

வீட்டு வாயில்மணிக்கு இப்போது கண்ணும் காதும் முளைத்திருக்கின்றன. வந்தவர் பித்தானை அழுத்திய மாத்திரத்தில் அவருடைய முகம் வீட்டுக்காரரின் கைபேசியில் தெரிகிறது. வீட்டுக்காரர் சமையலறையில் இருந்தாலும் சரி, சிங்கப்பூரில் இருந்தாலும் சரி, வாயிலில் நிற்பவரோடு பேசலாம். பாட்டரியால் ஓடுவதால் சுவரைக் குடைந்து கம்பி இழுக்க வேண்டியதில்லை. இரண்டு திருகாணிகளை முடுக்கினால் வேலை முடிந்தது. ஒரு காலிங் பெல்லைப் பற்றித் தலையங்கம் எழுதுவானேன் என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். வாயில் சாமான்யமான இடமன்று. பிரஜையின் அதிகாரமும் சர்க்காரின் அதிகாரமும் சந்திக்கும் எல்லை அது. அந்த எல்லையில் ஒரு புதிய காவலன் வந்து நிற்கிறான். அவன் யாருக்குத் தகவல் சொல்லுகிறான் என்று விசாரிப்பது அவசியமென்று நாம் கருதுகிறோம்.

இச்சாதனத்தின் நன்மைகளை முதலில் ஒப்புக்கொண்டு விடுவோம். தனியாக வாழும் முதியோர், பகல் முழுதும் வேலைக்குப் போய்விடும் தம்பதிகள், இரவில் தனித்திருக்கும் பெண்கள் ஆகியோருக்குக் கதவைத் திறக்காமலே வந்தவர் யாரென்று அறிவது பெரிய ஆறுதல். காது மந்தமானவர்களுக்குக் கைபேசியின் அதிர்வே மணியோசையாகிறது. முழங்கால் வலியால் எழுந்திருக்கச் சிரமப்படும் பாட்டியார், பார்சல் கொண்டுவந்த பையனை 'திண்ணையில் வைத்துவிட்டுப் போ, அப்பா' என்று கட்டிலில் இருந்தபடியே சொல்ல முடிகிறது. இவற்றை அற்பமென்று ஒதுக்குவது ஆள்கட்டு உள்ளவர்களின் வாதமே யாகும்.

இந்த யோசனை பிறந்த வரலாறும் அனுதாபத்திற்குரியதே. நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பினப் பெண்மணி நர்ஸாக வேலை பார்த்துவந்தார். கணவருக்கும் அவருக்கும் வேலை நேரம் ஒத்து வராது. பல இரவுகள் வீட்டில் தனியாக இருக்க வேண்டியிருந்தது. போலீஸாரைக் கூப்பிட்டால் அவர்கள் வந்து சேரத் தாமதமாகும். ஆகவே அவரும் அவருடைய கணவர் ஆல்பர்ட்டும் சேர்ந்து ஒரு சாதனத்தை யோசித்து, 1966-ஆம் ஆண்டில் பேடெண்டுக்கு மனுச் செய்தனர். 1969 டிசம்பரில் அது வழங்கப்பட்டது. கதவில் உயர வரிசையாகத் துவாரங்கள்; அவற்றின் பின்னே மேலும் கீழும் நகரும் காமிரா; உள்ளே ஒரு டெலிவிஷன் பெட்டி; வந்தவரோடு பேச ஒலிபெருக்கி; பூட்டைத் திறக்க ஒரு பித்தான்; அபாய அறிவிப்புக்கு மற்றொன்று. படம் சென்று சேர வேண்டிய இடம் வீட்டுக்குள் இருந்தது. பித்தானை அழுத்துவதும் அழுத்தாததும் வீட்டுக்காரியின் சித்தம். போலீஸ் உதவி எட்டாத ஒரு பிரஜை தன்னைத் தானே காத்துக்கொள்ளக் கண்ட உபாயம் அது.

இன்று நாம் வாங்கும் சாதனம் வேறு வழியில் வந்தது. அமெரிக்காவில் ஜேமி ஸிமினாப் என்பவர் 2013-இல் 'டோர்பாட்' என்ற பெயரில் ஒன்றை விற்றார். அது பின்னர் 'ரிங்' ஆயிற்று. 2018-இல் அமெஸான் கம்பெனி அதை விலைக்கு வாங்கிற்று. இதைப் போன்றவற்றைப் பல கம்பெனிகள் இப்போது விற்கின்றன. பாட்டரிதான் இவை இத்தனை வேகமாகப் பரவுவதற்கு முக்கிய காரணம். மின்சாரத் தொழிலாளியும் வேண்டாம். வீட்டுச் சொந்தக்காரரின் அனுமதிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். குடிமாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

ஆனால் பாட்டரியின் சக்தி அளவானது. இருபத்துநான்கு மணி நேரமும் காமிராவை ஓட்ட அதனால் ஆகாது. ஆகையால் சாதனம் பெரும்பாலான நேரம் உறங்குகிறது. உஷ்ணத்தை உணரும் ஒரு சிறு கருவி மட்டும் விழித்திருக்கிறது. சுற்றுப்புறத்தை விட உஷ்ணம் மாறுபட்ட ஏதேனும் எதிரே அசைந்தால் அது காமிராவைத் தட்டி எழுப்புகிறது. எழுந்து கண் விழிப்பதற்குள் வேகமாக வந்தவர் திரும்பியும் விடலாம். அப்போது படத்தில் கிடைப்பது அவருடைய முதுகு. சில புதிய சாதனங்களில் முந்திய சில விநாடிகளையும் பிடித்துவைக்க ஏற்பாடு உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. சென்னையில் மே மாத நண்பகலில் வெளிக்காற்றின் உஷ்ணம் தேகத்தின் உஷ்ணத்தை நெருங்கும்போது, அக்கருவி மனிதனைப் பிரித்தறியத் தடுமாறும். ஜன நடமாட்டம் மிகுந்த தெருவைப் பார்த்த வாயிலிலோ, மாடு போனாலும் ஆட்டோ போனாலும் எழுந்து எழுந்து, மாதக்கணக்கில் வருமென்ற பாட்டரி வாரக்கணக்கில் தீர்ந்துவிடும். ஒருவர் வந்ததைக் காட்டாமல் போனதை மட்டும் காட்டும் படத்தைப் பூரண சாட்சியென்று எந்த வக்கீலும் ஏற்கமாட்டார். சாதனத்தை நம்புகிறவர்கள் இதை முதலில் நினைவில் வைக்க வேண்டும்.

பாட்டரி இருப்பதால் இது சுயேச்சையாக இயங்குகிறதென்று நினைப்பதும் பிழை. மின்சாரம் நின்றால் வீட்டிலுள்ள வைஃபை பெட்டியும் நின்றுவிடுகிறது. அதற்கு வேறு மின்கலம் இல்லையானால், வாயில்மணியின் பாட்டரி நிறைந்திருந்தும் கைபேசிக்குச் செய்தி போகாது. ஏனெனில் பெரும்பான்மையான சாதனங்களில் படம் வாயிலிலிருந்து நேரே வீட்டுக்குள் வருவதில்லை. அது இணையத்தின் வழியே கம்பெனியின் கணினிகளுக்குப் போய், அங்கிருந்து திரும்பி நம் கைபேசிக்கு வருகிறது. நேற்று வந்தவரை இன்று பார்க்க வேண்டுமானால், பல கம்பெனிகளில் மாதச் சந்தா கட்டவேண்டும். சந்தாவைப் பற்றிப் பத்திரிகை நடத்தும் நமக்குச் சிறிது தெரியும். பத்திரிகைக்குச் சந்தா கட்டினால் உலகச் செய்தி வீட்டுக்கு வருகிறது. இதற்குச் சந்தா கட்டினால் வீட்டுச் செய்தி உலகுக்குப் போகிறது.

சிலப்பதிகாரத்து வாயிற்காவலன், ஒற்றைச் சிலம்போடு ஒருத்தி வந்து நிற்பதைத் தன் அரசனிடம்தான் போய்ச் சொன்னான். நமது புதிய காவலனோ முதலில் கம்பெனியிடம் சொல்லிவிட்டுப் பிறகே நம்மிடம் சொல்லுகிறான். அக்கம்பெனியில் யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி.

இதற்கு அமெரிக்காவிலேயே ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. அந்நாட்டு பெடரல் வர்த்தகக் கமிஷன் 2023 மே மாதத்தில் ரிங் கம்பெனியின்மீது வழக்குத் தொடர்ந்தது. வாடிக்கைக்காரர்களின் படங்களை ஊழியர்கள் தடையின்றிப் பார்க்க இடங்கொடுத்ததாகவும், 2017-இல் ஓர் ஊழியன் பல மாதங்கள் பெண்களின் அந்தரங்கப் படங்களைப் பார்த்துவந்ததாகவும் அதில் குற்றம் சாட்டியது. இவை வீட்டினுள் வைக்கப்பட்டிருந்த காமிராக்களின் படங்கள். ஆனால் காமிராவும் வாயில்மணியும் ஒரே கம்பெனியின் பண்டங்களே. கம்பெனி 58 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. மற்றொரு கம்பெனியான யூபி, படங்கள் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை என்று விளம்பரம் செய்து வந்தது; அதன் வாயில்மணி முகப்படங்களை வெளிக் கணினிக்கு அனுப்பியதை 2022 நவம்பரில் ஓர் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார். விளம்பர வாக்கியத்தை மட்டும் நம்பி வாயிலை ஒப்படைக்கக் கூடாதென்பதற்கு இவ்விரண்டு உதாரணங்களும் போதும்.

போலீஸார் சம்பந்தப்பட்ட விஷயம் இன்னும் முக்கியமானது. 2019 ஆகஸ்டு வாக்கில் அமெரிக்காவில் நானூறுக்கு மேற்பட்ட போலீஸ் இலாகாக்கள் ரிங் கம்பெனியோடு ஏற்பாடு செய்துகொண்டிருந்தன. ஒரு வட்டாரத்தைக் குறித்து, அங்குள்ள வீட்டுக்காரர்களிடம் கம்பெனியின் மூலமாகவே படம் கேட்க அந்த ஏற்பாடு இடங்கொடுத்தது. 2020-இல் ஜார்ஜ் பிளாய்டு கொலையைக் கண்டித்துக் கிளர்ச்சி நடந்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸார் கிளர்ச்சி சம்பந்தமாகவே வீட்டுக்காரர்களிடம் படம் கேட்டது, மறு ஆண்டு வெளியான கடிதங்களால் தெரியவந்தது. 2022 ஜூலையில் செனட்டர் மார்க்கியின் கேள்விக்குப் பதிலளித்த அமெஸான், அவ்வாண்டில் அதுவரை பதினொரு தடவை வீட்டுக்காரரின் சம்மதமோ கோர்ட்டு உத்தரவோ இல்லாமல், அவசரமென்ற காரணத்தின்பேரில், போலீஸாருக்குப் படம் கொடுத்ததாக ஒப்புக்கொண்டது. கண்டனம் வலுக்கவே, வீட்டுக்காரர்களிடம் போலீஸார் படம் கேட்கும் வசதியை 2024 ஜனவரியில் கம்பெனி நிறுத்திற்று. 2025-இல் போலீஸாருக்குச் சாமான் விற்கும் ஆக்ஸான் கம்பெனியின் மூலமாக அதே வசதி மீண்டும் உள்ளே வந்தது. கம்பெனியின் நல்லெண்ணத்தால் கிடைக்கும் பாதுகாப்பு கம்பெனியின் மனம் மாறும்வரைதான்.

போலீஸ் உதவி கிடைக்காத ஒரு பெண்மணி தன்னைக் காத்துக்கொள்ளக் கண்ட சாதனம், ஏறக்குறைய அரை நூற்றாண்டில் அவளுடைய இனத்தவரின் கிளர்ச்சியைக் கண்காணிக்கப் போலீஸாருக்கு உதவும் நிலைக்கு வந்துவிட்டது. இந்த மாறுதலைச் செய்தது காமிரா அன்று. படம் வீட்டிலிருந்து வெளியேறியதே இதைச் செய்தது.

வாயிலின் பெருமையைச் சட்டம் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. 1604-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்துக் கோர்ட்டு, அரசனது அதிகாரியாயினும் கதவை உடைப்பதற்கு முன் தான் வந்த காரணத்தைச் சொல்லித் திறக்கும்படி கேட்கவேண்டுமென்று விதித்தது. நம் நாட்டில் கரக் சிங் என்பவரின் வழக்கு வக்கீல்களுக்கெல்லாம் தெரிந்ததே. உத்தரப் பிரதேசப் போலீஸார், குற்றம் ருசுவாகாத அவர்மீது கண்காணிப்புக் கணக்கைத் திறந்து, நடுநிசியில் வந்து கதவைத் தட்டி எழுப்பிவந்தனர். 1962 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்த நள்ளிரவு விஜயங்களைச் செல்லாவென்று தள்ளிற்று. ஆனால் வீட்டுக்கு வெளியே மறைந்து நின்று காவலிருப்பதை அனுமதித்தது. கண்காணிப்பு முழுவதுமே தவறென்று நீதிபதி சுப்பாராவ் தனித் தீர்ப்பு எழுதினார். 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் கூடி, அந்தரங்க உரிமை ஜீவாதார உரிமையே என்று ஏகமனதாகக் கூறியபோது, சுப்பாராவின் கொள்கையே நிலைபெற்றது.

வெளியே மறைந்து நிற்கும் காவல் எப்படியிருக்கும் என்பதை நம் முன்னோர் அறிவார்கள். புதுச்சேரியில் பாரதியாரும் வ. வே. சு. ஐயரும் அடைக்கலம் புகுந்திருந்த நாட்களில், அவர்கள் வீட்டுக்கு வருவோர் போவோரைக் குறித்துக்கொள்ளப் பிரிட்டிஷ் இந்தியச் சர்க்கார் ஒற்றர்களை அமர்த்திச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று அந்தச் செலவை வீட்டுக்காரரே ஏற்றுக்கொள்ளுகிறார். கருவியும் அவர் வாங்கியது. சந்தாவும் அவர் கட்டியது.

நமது தற்போதைய சட்டத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது; வாசகர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின்படி, வாரண்டின்றி ஒரு வீட்டைச் சோதனையிட விரும்பும் போலீஸ் அதிகாரி, அதற்கான காரணத்தை 185-ஆவது பிரிவின் கீழ் எழுதிவைக்க வேண்டும். அவ்வட்டாரத்தைச் சேர்ந்த இரண்டு யோக்கியமான சாட்சிகளைக் கூட அழைத்துக்கொள்ள வேண்டும். சோதனையைப் படம் பிடிக்க வேண்டும். எழுதிய காரணத்தின் நகலை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட்டுக்கு அனுப்ப வேண்டும். இவை நல்ல தடைகளே. ஆனால் அதே வீட்டுக்கு ஒரு மாதமாக யார் யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், வாயிலில் நின்று என்ன பேசினார்கள் என்று அறிய வேண்டுமானால், 94-ஆவது பிரிவின் கீழ் ஸ்டேஷன் அதிகாரி கையெழுத்திட்ட ஓர் உத்தரவே போதும். விசாரணைக்கு அது அவசியமென்று அவர் கருதினால் சரி. மாஜிஸ்டிரேட்டு வேண்டாம், சாட்சி வேண்டாம். கம்பெனியிடம் அந்த உத்தரவைக் கொடுத்தால், வீட்டுக்காரருக்குத் தெரியவேண்டிய அவசியமும் இல்லை. வீட்டின் கதவுக்கு நாலு பூட்டுகள். கதவின் சரித்திரத்துக்கு ஒரு பூட்டுமில்லை.

2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இக்குறையைத் தீர்க்கவில்லை. குற்றத் தடுப்புக்கும் துப்பறிவதற்கும் தகவலைப் பயன்படுத்துவோருக்கு அச்சட்டமே பெரிய விலக்கு அளிக்கிறது. சர்க்கார் குறிப்பிடும் தனது ஸ்தாபனங்களுக்கு அதனினும் பெரிய விலக்கு அளிக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் பிரசுரமாயின. கம்பெனிகளின் முக்கியமான கடமைகள் அதற்கும் பதினெட்டு மாதம் கழித்தே அமலுக்கு வருமென்று ஏற்பாடு செய்யப்பட்டது. சொந்த உபயோகத்துக்காகத் தகவல் சேர்க்கும் வீட்டுக்காரரையோ அச்சட்டம் தொடுவதே இல்லை.

வீட்டுக்காரரின் பொறுப்பையும் நாம் மறைக்க விரும்பவில்லை. வாயிலில் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் யார்? பால்காரர், தபால்காரர், வீட்டு வேலை செய்யும் அம்மாள், நாளொன்றுக்கு எத்தனையோ படிகள் ஏறி இறங்கும் பார்சல் தொழிலாளி, எதிர்வீட்டுக் குழந்தைகள். இவர்களில் ஒருவரிடமாவது சம்மதம் கேட்டோமா? இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு கோர்ட்டு 2021 அக்டோபரில் ஒரு வழக்கைத் தீர்த்தது. அண்டைவீட்டுக்காரர் வைத்திருந்த காமிராக்களும் வாயில்மணியும் தம்மைப் பின்தொடர்வதாக ஒரு பெண்மணி தொடுத்த வழக்கு அது. வாயில்மணி படம் பிடிப்பதைக் கூட மன்னிக்கலாம் என்று கருதிய நீதிபதி, நாற்பதடிக்கு அப்பாலும் பேச்சைப் பிடிக்கும் அதன் காதை மன்னிக்கவில்லை. நமது நாட்டில், ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்பவர்களின் சம்மதமின்றி வசிக்கும் பகுதியில் காமிரா வைப்பது அந்தரங்க உரிமைக்கு விரோதமென்று கல்கத்தா ஹைகோர்ட்டு 2025-இல் தீர்ப்பளித்தது. சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிட மறுத்தது. இந்நியாயம் அடுக்குமாடி வீடுகளின் பொது நடைபாதைக்கும் வந்துதீரும்.

'ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்குப் பயமென்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. தொழிற்சங்கக் காரியதரிசியின் வீட்டுக்கு இரவு எட்டு மணிக்கு வரும் தொழிலாளிக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அவன் வந்தது முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும். பத்திரிகை நிருபரிடம் லஞ்ச ஊழலைச் சொல்ல வரும் குமாஸ்தாவும் குற்றவாளியல்லன். வக்கீலின் வாயிலில் நிற்கும் கட்சிக்காரரும், கணவனின் கொடுமைக்குத் தப்பி உறவினர் வீட்டில் ஒதுங்கிய பெண்ணும் அப்படியே. இவர்களுடைய பாதுகாப்பு, யாரும் குறித்து வைத்துக்கொள்ளாத ஒரு வாயிலில்தான் இருக்கிறது. பொதுவேலையில் ஈடுபட்டவர்கள் தங்கள் வாயிலில் இக்கருவியை மாட்டுமுன், தம்மை நாடி வருவோரை நினைத்துப் பார்ப்பது கடமை.

ஆகவே நாம் கோருவது இச்சாதனத்துக்குத் தடை அன்று, சட்டமே. முதலாவது, இந்நாட்டில் விற்கும் ஒவ்வொரு வீடியோ வாயில்மணியிலும், படத்தை வீட்டுக்குள்ளேயே சேமித்து, சந்தாவின்றிப் பார்க்கும் வசதி இருக்கவேண்டும். இரண்டாவது, வெளியே அனுப்பும் படங்கள் கம்பெனியே திறக்க முடியாதபடி பூட்டப்பட வேண்டும்; சாவி வீட்டுக்காரரிடம் இருக்கவேண்டும். இது சாத்தியமே. ரிங் கம்பெனி மின்கம்பிச் சாதனங்களுக்கு 2021-இலும் பாட்டரிச் சாதனங்களுக்கு அதன் பின்னரும் இவ்வசதியைக் கொடுத்திருக்கிறது. ஆனால் வாடிக்கைக்காரர் தாமே தேடிப் போய்த் திறந்தால்தான் உண்டு. கேளாமலே கிடைக்க வேண்டியதைக் கேட்டால் மட்டும் கொடுப்பது நியாயமன்று. மூன்றாவது, போலீஸார் படம் பெறுவதற்கு, வழக்கையும் நாளையும் மணியையும் குறிப்பிட்ட மாஜிஸ்டிரேட்டின் உத்தரவு வேண்டும். உயிராபத்தான சந்தர்ப்பத்தில் முன்கூட்டிப் பெற்றால், வீட்டுச் சோதனையைப் போலவே 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட்டுக்கும், பின்னர் வீட்டுக்காரருக்கும் அறிவிக்க வேண்டும். நான்காவது, விற்கும்போதே ஒலிப்பதிவு நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை வீட்டுக்காரர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. வாங்குமுன், படம் எங்கே தங்குகிறது என்று கடைக்காரரைக் கேளுங்கள்; விடை தெளிவாக இல்லையானால் வேறு சாதனம் பாருங்கள். காமிராவின் பார்வையை உங்கள் படிக்கட்டோடு நிறுத்துங்கள். எதிர்வீட்டு ஜன்னல் உங்களுடையதன்று. ஒலிப்பதிவை நிறுத்துங்கள். பழைய படங்களைச் சில நாட்களில் அழியும்படி அமையுங்கள். வாயிலில் காமிரா உண்டென்று ஒரு பலகையில் தமிழில் எழுதிவையுங்கள். போலீஸார் படம் கேட்டால், எழுத்தில் உத்தரவு கேட்பது உங்கள் உரிமை. அதற்காக யாரும் உங்களைக் குற்றவாளியென்று சொல்லமுடியாது.

குடியிருப்போர் சங்கங்களும் வக்கீல் சங்கங்களும் இவ்விஷயத்தில் தீர்மானங்கள் நிறைவேற்றித் தம் பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்கு அனுப்ப வேண்டும். பாட்டரிச் சாதனம் திருகாணி முடுக்கும் நேரத்தில் ஒரு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. சட்டம் அந்த வேகத்தில் வராது. லட்சக்கணக்கான வாயில்களில் மாட்டிய பிறகு பூட்டுத் தேடுவதைவிட, இப்போதே தேடுவது எளிது. காவலனை வைத்துக்கொள்ளும் உரிமை பிரஜைக்கு உண்டு. அக்காவலன் தனக்கே ஊழியனாக இருக்கவேண்டுமென்று கேட்கும் உரிமையும் உண்டு. சர்க்கார் தாமதமின்றி இதைச் செய்வார்களாக.